பூதக்கண்ணாடி வீட்டு ஜெபம்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. தையல் வரிசையில் யாரோ ஒருத்தி நல்ல எரிச்சலில் இருந்தபோது வைத்திருக்க வேண்டும். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வேலை அப்படி. தைத்து முடித்த சட்டைகள் எல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். தலைக்கு மேல் ட்யூப் லைட் பளீரென்று எரியும். சட்டையை விரிப்பாள், காலரைத் தடவுவாள், தோள் தையலை இழுத்துப் பார்ப்பாள், பொத்தான் ஒவ்வொன்றையும் ஒரு திருகு திருகுவாள். எங்காவது தையல் விட்டிருந்தால், நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால், கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தால் போதும். சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, குற்றம் இருக்கும் இடத்தைக் காட்டி ஒட்டிவிடுவாள். அது திருத்துகிற கூடைக்குப் போகும். குற்றம் இல்லாத சட்டையைப் பற்றிப் பேச்சே கிடையாது. அது பாட்டுக்கு இஸ்திரி மேசைக்குப் போய்விடும்.

சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முழங்கையிலோ பையிலோ ஓர் அம்புக்குறி ஒட்டிக்கொண்டு கூடவே வரும். ஒருநாள் கன்னத்தில், மூக்கைக் காட்டியபடி ஒட்டியிருந்தது. "அம்மா, இன்னைக்கு உங்க மூக்குல டேமேஜ்!" என்று சின்னவன் குதித்தான். அவன் அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தான். அவனுக்கு மேல் பத்து வயதில் ஓர் அக்கா. இருவருக்கும் அப்பா ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்க்கிறவர், விடியுமுன் எழுந்து போகிறவர். ஆகவே விளக்கு போட்டதுமே அவருக்குக் கண் சொருக ஆரம்பித்துவிடும்.

விளக்கு போடுகிற நேரம்தான் அந்த வீட்டில் ஜெப நேரம். இரவுச் சாப்பாடு அதற்குப் பிறகுதான். முன்னறையில் மேசையைச் சுவரோடு தள்ளி, விரிப்பைப் போட்டு, நால்வரும் வட்டமாக உட்காருவார்கள். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி, பிறகு முழங்காலில் நின்று ஜெபம். மழையானாலும் காய்ச்சலானாலும் விருந்தாளி வந்தாலும் இது மாறாது. பிள்ளைகளுக்கு எழுதி வைக்க அவளிடம் வீடோ நிலமோ இல்லை. இந்த ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். ஆண்டவர் முன்னால் உட்காருவது பிள்ளைகளுக்குப் பிடித்துப்போக வேண்டும். கடமைக்கு உட்கார்ந்தால் போதாது, ஆசையாக உட்கார வேண்டும். அவள் பட்ட பாடெல்லாம் இதற்குத்தான்.

அந்த ஆசைக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் வளர்ந்தது சபை நடத்திய பெண்கள் விடுதியில். அங்கே வார்டன் அம்மா என்று ஒருவர். நல்ல மனசு, ஆனால் வாய் மட்டும் மூடாது. பல் தேய்த்தால் திட்டு, தேய்க்காவிட்டால் அதைவிடப் பெரிய திட்டு. போர்வையை மடித்த லட்சணத்துக்கு ஒரு பாட்டம், சோற்றைச் சிந்தினதற்கு ஒரு பாட்டம். பொழுது சாய்ந்து ஜெப அறைக்குள் போய் எல்லாரும் கண்ணை மூடினால் மட்டும் அந்த வாய் நின்றுவிடும். வார்டன் அம்மா மெதுவாகப் பாடுவார். இந்தப் பெண் விரலிடுக்கு வழியாகத் திருட்டுத்தனமாகப் பார்ப்பாள். கண் மூடிய அந்த முகம் வேறு யாருடைய முகமோ போலிருக்கும். நாள் முழுக்கத் திட்டு வாங்கின பிள்ளைக்கு, யாரும் திட்டாத நேரம் அது ஒன்றுதான். அவள் ஆண்டவரை நேசிக்க ஆரம்பித்தது அந்த அறையில்தான்.

தன் வீட்டு ஜெபமும் அப்படித்தான் இருக்கிறது என்று அவள் மனதார நம்பினாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. ஒரு தாய் தன் பிள்ளைகளுக்காகக் கண்ணீரோடு வேண்டிக்கொள்வதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. ஆனால் அவள் ஜெபத்தைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். மூத்தவளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். கணக்குப் பரீட்சையில் கவனமில்லாமல் எழுதிவிட்டு வந்திருக்கிறாள், நீர் அறிவீர். பால் டம்ளரை ஜன்னலிலேயே வைத்து எறும்பு மொய்க்க விட்டிருக்கிறாள், அதையும் நீர் அறிவீர். தம்பியை 'போடா மூக்கொழுகி' என்று சொன்ன நாவைப் பரிசுத்தப்படுத்தும். சின்னவன் பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறான், அவனைத் தடுத்தாட்கொள்ளும். செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றிப் போடுகிற குடும்பத் தலைவருக்கு ஞானத்தைக் கட்டளையிடும்..."

குடும்பத் தலைவர் இந்த இடத்தில் அரைத் தூக்கத்தில் "ஆமென்" என்பார்.

எல்லாம் அறிந்தவருக்கு எதற்கு இத்தனை விவரம் என்று யாரும் கேட்கவில்லை. ஜெபத்துக்கு நடுவில் யார் கேட்பது? வாயால் திட்டினால் பதில் பேசலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஜெபத்தில் வைத்துச் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு, கடைசியில் தன்னைப் பற்றிய புகாருக்குத் தானே ஆமென் வேறு சொல்லியாக வேண்டும். மேலே போக வேண்டிய ஜெபம் அந்த வீட்டில் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது.

மூத்தவள் சின்னவளாக இருந்தபோது ஜெபத்துக்கு முதலில் வந்து உட்காருகிறவள் அவள்தான். சுவரில் ஓடுகிற பல்லிக்காக ஜெபிப்பாள். அப்பா கையில் அடுப்புச் சூடு பட்டால் அந்தக் கைக்காக, அடுப்புக்காகவும் சேர்த்து ஜெபிப்பாள். "ஆண்டவரே, நீங்க சாப்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். "ஆண்டவர்கிட்ட நீங்கன்னு பேசக் கூடாது, நீர்னு சொல்லணும்" என்று அம்மா அங்கேயே ஓர் அம்புக்குறியை ஒட்டினாள். அதற்குப் பிறகு அவள் அவரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

வருஷம் ஏற ஏறக் குரல் இறங்கியது. பாட்டில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. "நீ ஜெபம் பண்ணு" என்றால், "நீங்களே பண்ணுங்கம்மா" என்று தரையைப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஞாயிறு பள்ளி டீச்சர் அம்மாவைத் தனியே கூப்பிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. ஜெபம் பண்ணச் சொன்னாலே உங்க பொண்ணு பாத்ரூம் போகணும்னு எழுந்து போயிடறா. ஒரு தடவைன்னா பரவாயில்ல. எப்பவுமே அப்படித்தான். வீட்ல எப்படி?"

"வீட்ல தவறாம ஜெபம் உண்டே" என்றாள் அம்மா. முகம் சுண்டிப்போனது. மகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் என்ன செய்தாள் என்கிறீர்கள்? வேறென்ன, ஜெபித்தாள். "ஆண்டவரே, உம்மிடம் பேசக் கூச்சப்படுகிற இந்தப் பிள்ளையின் நாவைக் கட்டவிழ்த்தருளும். டீச்சர் முன்னால் எனக்கு நேர்ந்த தலைகுனிவை நீர் கண்டீர்." சொல்லி முடித்தபோது அப்பா ஆமென் சொன்னார். சின்னவன் சொன்னான். மூன்றாவது ஆமென் வரவில்லை. அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். மகள் ஏற்கெனவே கண்ணைத் திறந்து, விரிப்பின் நுனியில் ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது. எங்கே போகிறாள், ஏன் போகிறாள் என்பது மட்டும் பிடிபடவில்லை. பூதக்கண்ணாடி தன் முகத்தைப் பார்க்க உதவாது அல்லவா?

பிடிபட்டது ஒரு சனிக்கிழமை. அன்று அரைநாள்தான் வேலை. அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முன்னறையில் சின்னவன் சபை நடத்திக்கொண்டிருந்தான். காது கிழிந்த கரடி பொம்மை, சக்கரம் போன கார், ஒரு தலையணை, அப்பாவின் இரண்டு செருப்பு, இவ்வளவுதான் சபையார். அம்மாவின் பையிலிருந்து ஸ்டிக்கர் அட்டை ஒன்றையும் எடுத்து வைத்திருந்தான்.

"எல்லாரும் கண்ண மூடுங்க" என்று அதட்டினான். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டான். "அன்பின் பிதாவே, இந்தக் கரடி பால் குடிக்க மாட்டேங்குது, நீர் அறிவீர்." கரடியின் வயிற்றில் ஓர் அம்புக்குறி. "இந்தக் கார் சொன்ன பேச்சே கேக்கறதில்ல, அதையும் நீர் அறிவீர்." காரின் மேல் இன்னொன்று. "இந்தத் தலையணை தூங்கிட்டே இருக்கு, இதைத் திருத்தும்."

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, நீயும் வா. உனக்கும் ஜெபம் பண்றேன்" என்றான் சின்னவன்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "வேணாம். என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லிடாத. ஏற்கெனவே அவருக்கு என்னைப் புடிக்காது."

"யாருக்கு?"

"ஆண்டவருக்குத்தான். அம்மா தினமும் போய் அப்படிச் சொன்னா, யாருக்குத்தான் புடிக்கும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, ரப்பரால் எதையோ அழித்து, தூசியை ஊதித் தள்ளினாள்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாமா என்று கால் துடித்தது, ஆனால் நகரவில்லை. என்ன முகத்தோடு போவது? விடுதியின் ஜெப அறை கண்முன் வந்து நின்றது. அந்த வார்டன் அம்மாகூட ஆண்டவர் முன்னால் வாயை அடக்கிக்கொண்டாரே. திட்டு நுழையாத அந்த ஒரே இடத்துக்குள் தான் கூடை கூடையாகத் திட்டைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோம் என்று தோன்றியபோது, வெங்காயம் நறுக்காமலேயே கண் எரிந்தது.

அன்று ஜெபத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. புகாரை எடுத்துவிட்டால் மீதி என்ன என்று தேடினாள். ஸ்தோத்திரம் என்றாள், நிறுத்தினாள். மறுபடியும் ஸ்தோத்திரம் என்றாள்.

"அம்மா தூங்கிட்டாங்க" என்று சின்னவன் குசுகுசுத்தான்.

உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்த ஆள் திடுக்கிட்டு விழித்து, "ஆமென்" என்றார்.

பாத்திரம் கழுவும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

"கொஞ்சம் தெரியும்."

"அப்போ ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, மறுநாள் சாயங்காலமே விஷயம் ஆண்டவர் வரைக்கும் போயிடுமே."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஈரக் கையால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அவர் தட்டை அடுக்கிவிட்டு, "உனக்குக் கண்ணு நல்ல கண்ணுதான். ஒரு பக்கம் மட்டும் பார்த்துப் பழகிடுச்சு. இன்னொரு பக்கத்தையும் பாரு" என்றார்.

சொல்வது சுலபம். திங்கட்கிழமை தொழிற்சாலையில் அவள் முயற்சி செய்து பார்த்தாள். சட்டையை விரித்து, நன்றாக இருப்பது எது என்று தேடினாள். ஒரு காலர் அழகாக வந்திருந்தது. நுனி இரண்டும் ஒரே அளவாக, ஊசி ஒரு இடத்தில்கூடப் பிசகாமல். யார் தைத்தார்களோ, கை நல்ல கை என்று ரசித்து இஸ்திரிக்கு அனுப்பினாள். சூப்பர்வைசர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

"என்னக்கா, பூதக்கண்ணாடிக்குப் பவர் குறைஞ்சு போச்சா?"

தையல் வரிசை முழுக்கச் சிரித்தது. ரொம்ப நாள் காத்திருந்த சிரிப்பு போலிருக்கிறது. அவளும் சிரித்துவிட்டாள். சட்டைக்கு அந்தக் கண்ணே இருக்கட்டும், வீட்டுக்கு வேறு கண் வேண்டும் என்று அன்று முடிவு செய்தாள்.

வீட்டிலும் எடுத்த எடுப்பில் வரவில்லை. "ஆண்டவரே, மூத்தவள் இன்று தட்டைக் கழுவி வைத்தாள், ஸ்தோத்திரம். அடியில் மட்டும் கொஞ்சம் பிசுக்கு..." என்று போய், நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னவன் களுக்கென்று சிரித்தான். பழக்கம் என்பது லேசில் விடுகிற சாமானா?

இரண்டு மூன்று நாள் இப்படித் தடுமாறினாள். பிறகு ஒரு சாயங்காலம் முழங்காலில் நின்றதும் ஜெபத் தமிழையே விட்டுவிட்டாள். அடுக்களையில் பேசுகிற மாதிரி பேசினாள்.

"ஆண்டவரே, எம்பொண்ணப் பத்தி உங்ககிட்ட நான் இத்தனை நாளா சொன்னதெல்லாம் பாதிதான். பாதிக் கதைய மட்டும் சொல்லி அவ பேரைக் கெடுத்துட்டேன். மீதியை இன்னைக்குச் சொல்றேன். தம்பிக்கு தினமும் ஷூ லேஸ் அவதான் கட்டிவிடறா. யாரும் சொல்லல. மதியம் அப்பா தூங்கறப்ப கதவைச் சத்தமில்லாம சாத்தறா. பக்கத்து பெஞ்ச் பொண்ணுக்கு ரப்பர் இல்லன்னு தன்னோடத ரெண்டா வெட்டிக் குடுத்தா. அதைப் பார்த்துட்டு ரப்பரை வீணாக்கிட்டான்னு உங்ககிட்டயே வந்து சொன்னேன். மன்னிச்சிருங்க. அவளும் என்னை மன்னிக்கணும். ஆமென்."

கணவர் அன்று தூங்கவில்லை. மகள் ஆமென் சொல்லவில்லை. விரிப்பின் நுனியில் நூலையும் பிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தாள், அவ்வளவுதான்.

ஏன் என்று அம்மா கேட்கவில்லை. "இன்னைக்கு நீ ஜெபம் பண்றியா?" என்ற கேள்வியை அந்த வீட்டில் விட்டுவிட்டார்கள். தினமும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஏதாவது நல்லதைத் தேடிக் கண்டுபிடித்து ஆண்டவரிடம் சொன்னாள். தேடத் தேடக் கிடைத்தது. குடும்பத் தலைவர் செருப்பை ஒருநாள் ஒழுங்காக விட்டதும் பரலோகத்துக்குத் தெரிவிக்கப்பட்டது. புகார் சொல்ல வேண்டியிருந்தால் நேரடியாக, கண்ணைத் திறந்துகொண்டு, பகலிலேயே சொன்னாள். அதற்கு மகள் எதிர்த்துப் பேசினாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், கதவைச் சாத்தினாள். பேசட்டும், சாத்தட்டும் என்று அம்மா விட்டுவிட்டாள்.

ஆனாலும் மனசு அடித்துக்கொண்டுதான் இருந்தது. போனது போனதுதானோ? பிள்ளை மனதில் ஆண்டவருக்கு ஒரு முகத்தை நானே வரைந்துவிட்டேன், இனி அதை அழிக்க எந்த ரப்பர் இருக்கிறது என்று வேலைக்கு நடுவிலேயே நினைத்துக் கலங்குவாள். குளியலறையிலிருந்து ஒருநாள் மகள் பாடுவது கேட்டது. சபையில் பாடுகிற பாட்டுதான். அம்மா கதவுக்கு வெளியே துண்டோடு நின்றாள், இருமலைக்கூட அடக்கிக்கொண்டாள்.

பிறகு ஒரு சாதாரண நாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. சின்னவன் கரடியின் காதுக்காக ஜெபித்தான். அம்மா முடிவு ஜெபத்துக்கு மூச்சை இழுத்தாள்.

"ஆண்டவரே" என்றது வேறொரு குரல்.

அம்மா மூச்சை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட அம்மாவைப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

கண்ணைத் திறக்கக் கூடாது, பதில் பேசக் கூடாது, இப்படியே முழங்காலில் நிற்க வேண்டும். இத்தனை வருஷமும் இந்தப் பிள்ளை இப்படித்தான் நின்றிருக்கிறாளா? எந்த இடத்தில் அம்புக்குறி வந்து ஒட்டப் போகிறதோ என்று காத்திருந்தாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"காலையில தலை வாரும்போது சிக்கு எடுக்கறேன்னு இழுத்துட்டாங்க. வலிச்சது. அது உங்களுக்கே தெரியும். ஆனா நீங்க மீதியையும் கேக்கணும். வேலை முடிஞ்சு வந்ததும் அம்மா நாற்காலியில கண்ண மூடிட்டு உக்காருவாங்க. எல்லாரும் தூங்கறாங்கன்னு நினைப்பாங்க. தூங்கல. நாள் பூரா அந்த லைட்ல பார்த்துப் பார்த்து கண்ணு எரியுது. தண்ணி தொட்டு வெச்சிப்பாங்க, நான் பார்த்திருக்கேன். அந்தக் கண்ணை நீங்க சரி பண்ணிடுங்க. அப்புறம், எங்களப் பத்தி உங்ககிட்ட தப்புத் தப்பா சொன்னதுக்காக அம்மா ரொம்ப வருத்தமா இருக்காங்க. அவங்கள நீங்க திட்டாதீங்க. ஆமென்."

நீங்க என்றுதான் சொன்னாள், முதலிலிருந்து கடைசிவரை. யாரும் திருத்தவில்லை.

அப்பா ஆமென் சொன்னார். சின்னவன் சத்தமாகச் சொன்னான். மூன்றாவது ஆமென் வரவில்லை. அன்றைக்கு அது வராமல் போனது அம்மாவுக்குத்தான். உதடு அசைந்தது, மூடிய கண்ணிலிருந்து நீர் பாட்டுக்கு வழிந்தது. மகள் ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்ல நகர்ந்து வந்து அம்மாவின் தோளோடு தோள் ஒட்டி நின்றாள்.

"அம்மா, சீக்கிரம் ஆமென் சொல்லுங்க" என்றான் சின்னவன். "பசிக்குது."